உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் நெட் ஓடுகிறது? வீடு வீடாக அளக்கும் முறை

ஊரில் எத்தனை வீட்டில் இணையம் இல்லை என்று தெரிந்துகொள்ள, ஆன்லைன் படிவம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் விடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கு பிறக்கும்போதே தவறாகப் பிறக்கிறது. நெட் இல்லாதவர் கைக்கு அந்தப் படிவம் போகவே போகாது. பள்ளியில் இருக்கும் பெற்றோர் எண்களுக்குப் போன் போட்டுக் கேட்டாலும் இதேதான் நடக்கும். ரீசார்ஜ் தீர்ந்து நாளான எண்ணுக்கு அழைப்புப் போகாது, அழைப்புப் போகாத வீடு பட்டியலில் ஏறாது. நாம் தேடுவதோ அந்த வீட்டைத்தான். ஆகவே நடந்து போய், வாசலில் நின்று, ஆளைப் பார்த்துக் கேட்டால்தான் உண்டு. 400 வீடுள்ள ஊரை 6 பேர் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

மதுரை மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 13 ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள், மாநகராட்சியில் 100 வார்டுகள். எல்லாவற்றையும் அளக்கக் கிளம்ப வேண்டாம். ஒரு ஊராட்சியையோ ஒரு வார்டின் சில தெருக்களையோ ஒழுங்காக அளந்தாலே அதை வைத்து வேலை நடக்கும்.

அரசு எண்கள் எதுவரை உதவும்

வேலையைத் தொடங்கும் முன் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் அட்டவணையைப் பாருங்கள். கிராம வாரியாக, வார்டு வாரியாக எத்தனை வீட்டில் கணினி இருந்தது, எத்தனை வீட்டில் இணையத்தோடு இருந்தது என்று அதில் இருக்கிறது. அப்போது இந்திய அளவில் இணையத்தோடு கணினி வைத்திருந்த குடும்பங்கள் 3.1%. ஊரின் பழைய வீட்டு எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள அது போதும். அதற்கு மேல் அதை நம்ப முடியாது, டச் போன் பரவுவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு அது.

தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் கேட்டபோது இணைய வசதி உள்ள குடும்பங்கள் 23.8% (கிராமத்தில் 14.9, நகரத்தில் 42.0). அதே அமைப்பு 2025 ஜனவரி முதல் மார்ச் வரை கேட்டபோது 86.3%. ஏறிய ஏற்றம் உண்மை. ஆனால் அப்பா சட்டைப்பையில் காலையில் புறப்பட்டு ராத்திரி 10 மணிக்கு வீடு திரும்பும் ஒரே போனும் அந்த 86க்குள் அடக்கம். குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21இல் ஆளைத் தனித்தனியாகக் கேட்டது. என்றைக்காவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57.1%, பெண்களில் 33.3% என்று வந்தது. குடும்பத்தைக் கேட்டால் ஒரு எண், ஆளைக் கேட்டால் வேறொரு எண். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைத்தான் உங்கள் ஊரில் நீங்கள் அளக்கப் போகிறீர்கள். அதனால் "இருக்கா" என்பதோடு கேள்வி முடியக்கூடாது. இன்றைக்கு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு, யார் கையில் என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படி

கடைசியில் ஒவ்வொரு வீட்டையும் ஆறு படிகளில் ஒன்றில் வைக்க முடிய வேண்டும். கேள்வித்தாளை எழுதுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். முதல் படி, போனே இல்லாத வீடு. இரண்டாவது, பட்டன் போன் மட்டும். மூன்றாவது, டச் போன் இருந்தும் நீங்கள் போன அன்றைக்கு டேட்டா இல்லாத வீடு. நான்காவது, டேட்டா ஓடும் ஒரே போனை வீடே பகிர்ந்துகொள்வது. ஐந்தாவது, டேட்டா ஓடும் போன்கள் இரண்டோ அதற்கு மேலோ. ஆறாவது, வயர்வழி இணையமும் வேலை செய்யும் கணினியோ டேப்லெட்டோ சேர்ந்து இருக்கும் வீடு.

ஃபைபர் லைன் இருந்து டிவிக்கும் போனுக்கும் மட்டும் ஓடினால் அது ஆறாவது படி ஆகாது. போன் எண்ணிக்கையைப் பார்த்து நான்கிலோ ஐந்திலோ வையுங்கள். கணினி இருந்து போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடினாலும் அப்படியே. லைனையும் கணினியையும் தனித்தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டால் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

மூன்றாவது படியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அது வளரக்கூடிய படி. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. அந்த டிசம்பரில், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஆணையிட்டது. பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருப்பவர்களுக்கு அது நல்லதுதான். கணக்கெடுக்கும் நமக்கோ, கையில் டச் போன், அதில் ரீசார்ஜும் உண்டு, ஆனால் நெட் கிடையாது என்று ஒரு வகை வீடு வந்துவிட்டது. "ரீசார்ஜ் இருக்கா" என்று மட்டும் கேட்டால் அந்த வீடு நழுவிவிடும்.

வீட்டுப் பட்டியல்

அங்கன்வாடிப் பணியாளரிடம் ஊரின் குடும்பப் பதிவேடு இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் வீட்டுவரிப் பட்டியல் இருக்கும். வாக்காளர் பட்டியல் பொதுவாகவே கிடைக்கும். மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஆனால் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிப் பட்டியலில் புறம்போக்கு வீடுகளும் வாடகைக் குடித்தனங்களும் விட்டுப்போகும். வாக்காளர் பட்டியலில் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் இருக்க மாட்டார்கள், ஊரை விட்டே போனவர்கள் இருப்பார்கள்.

அதனால் முதல் நாள் முழுக்க நடை. தெருத் தெருவாகக் கையால் ஒரு வரைபடம் போட்டு, கோயில், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, டீக்கடை இவற்றை அடையாளமாக வைத்து, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வரிசை எண் கொடுங்கள். சுண்ணக்கட்டியால் நிலைப்படி ஓரம் சின்னதாக எழுதினால் மறுபடி வரும்போது தேட வேண்டியிருக்காது. எழுதும் முன் வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குடித்தனம் என்பதற்கு ஒரே அளவுகோல் அடுப்பு. ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடித்தனம். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்திருந்தால் இரண்டு. மதுரை நகரத்துக்குள் இது இன்னும் முக்கியம். செல்லூர், கரிமேடு, வில்லாபுரம் பக்கம் ஒரு கதவு எண்ணைப் பார்த்து ஒரு வீடு என்று எழுதிவிட்டுப் போனால், உள்ளே காம்பவுண்டில் இருக்கும் ஏழெட்டுக் குடித்தனங்கள் அப்படியே மறைந்துவிடும். வாசலில் நின்று மீட்டரை எண்ணாதீர்கள். உள்ளே போய் அடுப்பை எண்ணுங்கள்.

எண் கொடுக்கும்போதே ஒவ்வொரு குடித்தனத்தையும் இடத்தால் பிரித்து எழுதுங்கள்: ஊர், காலனி, தோட்டத்து வீடு. ஃபைபர் கம்பம் ஊர்த் தெருவோடு நின்று, காலனிக்குப் போகாமல் இருக்கலாம். கிணற்றடியில் தனியாக இருக்கும் வீட்டுக்கு எந்த லைனும் போயிருக்காது. மொத்தமாக ஒரு சராசரி எடுத்தால் இது தெரியாமலே போகும். யாரிடமும் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. இடத்தைக் குறித்தாலே தேவையானது தெரிந்துவிடும்.

எத்தனை வீட்டில் கேட்பது

200 வீட்டுக்குள் இருந்தால் எல்லா வீட்டிலும் கேட்டுவிடுங்கள், மாதிரி எடுக்கும் தொல்லையே இல்லை. அதற்கு மேல் போனால் மாதிரி எடுக்கலாம், அதாவது குலுக்கி எடுத்த சில வீட்டில் மட்டும் கேட்கலாம். 95% நம்பகத்தோடு (இதே போல 100 தடவை எடுத்தால் 95 தடவை சரியான எண் பிழை வீச்சுக்குள் இருக்கும்), பிழை 5 சதவீதப் புள்ளி கூடக் குறையக் கணக்கிட 385 வீடு வேண்டும். 7 புள்ளி போதும் என்றால் 196, 10 புள்ளி என்றால் 97. இது பெரிய தொகைக்கான எண்ணிக்கை. ஊர் சின்னதாக இருந்தால் குறையும். எடுக்க வேண்டிய எண்ணை, ஒன்று கூட்டல் (அந்த எண்ணில் ஒன்று குறைத்து, மொத்த வீட்டால் வகுத்தது) என்பதால் வகுத்துக்கொள்ளுங்கள். 400 வீட்டு ஊரில் 7 புள்ளிப் பிழைக்கு 196ஐ 1.4875ஆல் வகுத்தால் 132 வீடு.

அந்த 400இல் ஊர் 280, காலனி 90, தோட்டத்து வீடு 30 என்று வைத்துக்கொள்வோம். விகிதப்படி பிரித்தால் தோட்டத்து வீட்டில் பத்துதான் வரும். பத்து வீட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனவே சிறிய பகுதியில் கூடுதலாக எடுங்கள்: தோட்டத்து வீடு 30ம், காலனியில் 45, ஊரில் 70. மொத்தம் 145. கூட எடுத்ததைக் கணக்குப் போடும்போது எடை கொடுத்துச் சரி செய்யலாம், அது பின்னால் வருகிறது.

ஊரில் 280க்கு 70 என்றால் நான்கு வீட்டுக்கு ஒன்று. 1 முதல் 4 வரை சீட்டுப் போட்டு எடுத்து, வந்த எண்ணில் தொடங்கி நான்கு நான்காகப் போங்கள். இந்த முறையில் ஒரு பொறி உண்டு. இரட்டை இரட்டையாகக் கட்டிய தொகுப்பு வீடுகளில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் எல்லாமே இடது பக்கத்து வீடாக அமைந்துவிடும். அங்கே வரிசையாகப் போகாமல் எல்லா எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள்.

நகரத்து வார்டில் வீடு வீடாகப் பட்டியல் போடுவது பெரிய வேலை. முதலில் 30 தெருக்களைக் குலுக்கி எடுத்து, தெருவுக்கு 10 குடித்தனம் பாருங்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே நிலையில் இருப்பதால் 300 வீட்டில் கேட்டது ஏறத்தாழ 150 வீட்டில் கேட்டதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. அப்போது பிழை 8 புள்ளி.

கேள்விகள்

எழுத்துத் தமிழில் எழுதி வாசித்தால் வேலைக்காகாது. "தங்கள் இல்லத்தில் இணைய இணைப்பு உள்ளதா" என்று கேட்டால் ஃபைபர் லைனைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து இல்லை என்று சொல்பவர்கள் பலர். "நெட்டு" என்றால் போனில் ஓடும் டேட்டா, "வைஃபை" என்றால் வயர் இழுத்தது. இரண்டையும் தனித்தனியாக, பேசுகிற சொல்லிலேயே கேளுங்கள்.

முதலில் வீட்டில் இருக்கும் ஆட்களின் பட்டியல்: வயது, ஆணா பெண்ணா, படிக்கிறாரா. பெயர் வேண்டாம், "அம்மா, மூத்த பையன், அப்பத்தா" என்று உறவுமுறை போதும். 5 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி. சொந்த உபயோகத்துக்கு சிம் போட்ட போன் இருக்கிறதா, பட்டனா டச்சா? போன மூன்று மாதத்தில் நெட்டைப் பயன்படுத்தினாரா? சாயங்காலம் 6லிருந்து 9 வரை அந்தப் போன் எங்கே இருக்கும்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் படிக்கிற நேரம் அது. போன் லாரியிலோ ஓட்டலிலோ இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லாத போன்தான்.

அடுத்தது ரீசார்ஜ். "இப்ப போட்டுருக்க பேக்குல நெட்டு வருதாக்கா, இல்ல பேச மட்டுமா? போன பேக்கு எப்ப முடிஞ்சுச்சு? மறுபடி எப்ப போட்டீக?" கடைசி இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான் நமக்கு வேண்டியது. நினைவில்லை என்றால் கம்பெனி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், போனை நீங்கள் வாங்காதீர்கள். 28 நாள் பேக் முடிந்து 6 நாள் கழித்துத்தான் அடுத்தது போடுகிறார்கள் என்றால் 34 நாளில் 6 நாள் இருட்டு. ஆண்டுக்கு 64 நாள். அந்த வீட்டில் "நெட் இருக்கு" என்று ஒரு டிக் போட்டுவிட்டு நகர்வது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள்.

நாள் கணக்கும் கேளுங்கள். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் காலையிலேயே வீடியோ பார்த்துத் தீர்த்துவிட்டால் சாயங்காலம் வேகம் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கிவிடும். வீட்டுக்காரர் "டவர் சரியில்ல" என்றுதான் சொல்வார். "மெசேஜ் எதுவும் வந்துச்சா, இன்னைக்கு டேட்டா தீந்துருச்சுன்னு?" என்று ஒரு கேள்வி கேட்டால் டவர் குறையா, பேக் குறையா என்று பிரிந்துவிடும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

கணினியைப் பற்றிக் கேட்கும்போது, ஆன் செய்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது பல வீட்டில் பீரோ மேலே துணி சுற்றி இருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கும், சார்ஜர் தொலைந்திருக்கும், மடக்கும் இடத்தில் கீல் உடைந்திருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் ஆன் ஆகி, நெட்டைத் திறக்க முடிந்தால் அது வேலை செய்யும் கணினி. சார்ஜர் செருகினால்தான் ஓடும் என்றால் அதையும் வேலை செய்வதில் சேர்த்து, பேட்டரி இல்லை என்று குறியுங்கள். ஓடாததற்குக் காரணம் எழுதுவது முக்கியம். சார்ஜர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் உயிர் வரும் இயந்திரங்கள் எத்தனை என்று இந்தக் கட்டத்திலிருந்துதான் தெரியவரும்.

ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று கேளுங்கள். ரேஷன் அட்டைக்கோ வங்கிக்கோ பதிந்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ, கல்யாணமாகிப் போன மகளுடையதாகவோ இருக்கலாம். இ-சேவை மையத்துக்குப் போனது எத்தனை தடவை, போக வர எவ்வளவு செலவு, வேலை ஒரே நாளில் முடிந்ததா என்பதும் இங்கேயே வந்துவிடும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் டிக்கெட்டை மட்டும் கேட்டால் செலவு பூஜ்யம் என்று வரும். போன அன்றைக்குக் கூலி போயிற்றா என்று கேளுங்கள்.

நெட் இல்லாத வீட்டில் ஏன் இல்லை என்று கேட்கும்போது விடைகளை நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். காசா, டவரா, லைன் வரவில்லையா என்று அடுக்கினால் முதலில் காதில் விழுந்ததைச் சொல்லிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால், "வயசுப் புள்ள கைல போனு எதுக்கு" என்பது போன்ற, உங்கள் பட்டியலில் இல்லாத காரணமும் வரும்.

எல்லாம் சேர்த்து 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பத்து வீட்டில் ஒத்திகை பார்த்து, மூன்று பேருக்கு மேல் "என்ன கேக்குறீக?" என்று திருப்பிக் கேட்ட கேள்வியை மாற்றி எழுதுங்கள். தாளில் எழுதலாம். கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவியில் தமிழிலேயே படிவம் போட்டு, நெட் இல்லாத இடத்திலும் போனில் பதியலாம். தாளாக இருந்தால் அன்றன்று ராத்திரியே கணினியில் ஏற்றுங்கள், போனாக இருந்தால் அன்றன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள். ஒரு போன் தொலைந்தால் ஒரு நாள் வேலை போகலாம், ஒரு வார வேலை போகக்கூடாது.

வாசலில் சொல்ல வேண்டியது

பொருள் கணக்கு எடுக்க வந்திருக்கிறார்கள் என்றாலே உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வரும். லேப்டாப் உள்ளே போய்விடும், இரண்டு போன் ஒன்றாகிவிடும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான வரம்புகள் வருமானம், நிலம், மின்சார யூனிட், கார் இவற்றைப் பற்றியவை, போனைப் பற்றியவை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் அரசு ஆள் இல்லை, பெயர், போன் நம்பர், ஆதார் எதுவும் எழுதவில்லை, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். படிவத்தில் அந்தக் கட்டங்களே இருக்கக்கூடாது. ஜிபிஎஸ் புள்ளி எடுத்தால் கணக்குப் போடுகிறவர்களோடு நிற்கட்டும், வெளியே போகும் எந்த வரைபடத்திலும் வீடு தெரியக்கூடாது.

இரண்டு இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது கட்டாயம். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து "அவளுக்கும் போனு இருக்கு" என்று சொல்லும்போது, உள்ளே அடுப்படியில் அந்த அக்காவிடமே கேட்டால் வேறு பதில் வரலாம். பெண்களைப் பற்றிய பதிலை அந்தந்தப் பெண்ணிடம் கேட்டதா, மற்றவர் சொன்னதா என்று ஒரு கட்டத்தில் குறியுங்கள். 18 வயதுக்குக் கீழானவரைத் தனியாக வைத்துக் கேட்காதீர்கள்.

நேரம். மல்லிகை எடுக்கும் ஊரில் விடியற்காலையிலேயே வீடு பூட்டியிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டு வரையும், ஞாயிற்றுக்கிழமையும் தோதான நேரம். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. பகலில் திறந்திருக்கும் வீடு, வயதானவர்கள் இருக்கும் வீடு. பூட்டியிருப்பது எல்லாரும் கூலிக்குப் போன வீடு. இரண்டும் ஒன்றல்ல. வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை போய்ப் பாருங்கள், அதற்கும் கிடைக்கவில்லை என்றால் "ஆள் இல்லை" என்று எழுதுங்கள், வேறு வீட்டைக் கொண்டு நிரப்ப வேண்டாம்.

தை பிறந்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊர்கள் ஜல்லிக்கட்டில் இருக்கும்போதும், சித்திரைத் திருவிழா சமயத்திலும் கணக்கெடுக்காதீர்கள். சென்னை, திருப்பூரில் இருப்பவர்கள் போனோடு ஊருக்கு வந்திருப்பார்கள், எண்ணிக்கை பொய்யாக ஏறும். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆன பிறகு தொடங்குவது நல்லது.

குழுத் தலைவர் பத்தில் ஒரு வீட்டுக்கு மறுநாள் வேறு ஆளை அனுப்பி, ஐந்தே கேள்வியைத் திரும்பக் கேட்க வைக்கட்டும். ஒரு ஜோடியின் பதில்கள் மட்டும் அடிக்கடி மாறினால் அவர்கள் கேட்கும் விதத்தில் கோளாறு, இல்லையென்றால் கேட்காமலே எழுதுகிறார்கள்.

சிக்னலும் லைனும்

இதை வீடு வீடாகச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் முதல், நடு, கடைசி வீடு போதும். எல்லா இடத்திலும் ஒரே மாடல் போன், உங்கள் சிம். வீட்டுக்காரர் போனில் வேகம் பார்க்கவே கூடாது. 4ஜியில் ஒரு சோதனைக்கு 30, 50 எம்பி போகும், 5ஜியில் பல நூறு எம்பி. அவர்கள் அன்றைய டேட்டாவை நீங்கள் தின்றுவிடுவீர்கள். அந்த ஊரில் ஆட்கள் எந்தெந்த கம்பெனி சிம் வைத்திருக்கிறார்களோ அத்தனையையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு சிம் போட்ட போனில் டேட்டா எந்த சிம்மில் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும்.

காலை 6லிருந்து 7க்குள், மதியம் 1 மணிக்கு, ராத்திரி 8லிருந்து 10க்குள். ஒவ்வொரு வேளையிலும் மூன்று தடவை சோதித்து, நடு எண்ணை எழுதுங்கள். ட்ராயின் மைஸ்பீட் செயலி போதும். பதிவிறக்கம் மட்டுமல்ல, பதிவேற்றமும் எழுதுங்கள். ஆன்லைன் வகுப்பில் குரல் அறுந்து போவது பெரும்பாலும் பதிவேற்றம் குறைவதால்தான். 2023 ஜனவரியிலிருந்து பிராட்பேண்ட் என்று சொல்ல 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்பது அரசின் வரையறை. ராத்திரியில் அதற்குக் கீழே விழும் தெருக்களைத் தனியாகக் குறியுங்கள்.

சிக்னலின் பலத்தை டவர் கோடுகளை எண்ணிப் பார்க்காதீர்கள், போனுக்குப் போன் கோடு மாறும். அமைப்புகளில் போனைப் பற்றி என்ற இடத்தில், சிம் நிலைக்குள் டிபிஎம் (dBm) என்று கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். கழித்தல் 90 அல்லது அதைவிட மேல் என்றால் நன்று, கழித்தல் 105 வாக்கில் தடுமாறும், கழித்தல் 115க்குக் கீழே அறுந்து அறுந்துதான் வரும். வாசலில் ஒரு தடவை, பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு தடவை எடுங்கள். கான்கிரீட் வீட்டுக்குள்ளும் தகரக் கொட்டகைக்குள்ளும் 10 முதல் 20 வரை இறங்கும். நாகமலை, சிறுமலை, அழகர்மலை அடிவாரத்து ஊர்களில் மலை மறைப்பால் ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு மாறும். அங்கே புள்ளிகளைக் கூட்டி எடுங்கள்.

வயர் லைனுக்கு ஊர்க் கேபிள்காரரைப் பாருங்கள். கடைசி ஃபைபர் கம்பம் எது, அதிலிருந்து காலனிக்கு எத்தனை மீட்டர், எத்தனை வீடு சேர்ந்தால் இழுத்துத் தருவார் என்று கேட்டு வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

கணக்குப் போடுவது

மேலே சொன்ன 145 வீட்டில், நான்காவது படியும் அதற்கு மேலும் இருக்கும் வீடுகள் ஊரில் 70க்கு 49, காலனியில் 45க்கு 18, தோட்டத்தில் 30க்கு 6 என்று வந்ததாக எடுத்துக்கொள்வோம், கணக்குப் புரிவதற்காக வைத்த எண்கள் இவை. அப்படியே கூட்டினால் 145க்கு 73, அதாவது 50%. அது தப்பு. ஊரில் ஒரு வீடு 4 வீட்டுக்காகப் பேசுகிறது (280ஐ 70ஆல் வகுத்தது), காலனியில் 2க்காக, தோட்டத்தில் 1க்காக. 49ஐ 4ஆல், 18ஐ 2ஆல், 6ஐ 1ஆல் பெருக்கிக் கூட்டினால் 238. 400ஆல் வகுத்தால் 59.5%.

ஆனால் அந்த 59.5ஐத் தலைப்பில் போடாதீர்கள். ஊரில் 70, காலனியில் 40, தோட்டத்தில் 20 என்ற மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பிழையையும் சேர்த்து எழுதுங்கள்: ஊரில் 61 முதல் 79 வரை, காலனியில் 30 முதல் 50 வரை. இரண்டு வீச்சும் ஒன்றோடொன்று தொடவில்லை, எனவே வித்தியாசம் மாதிரியில் வந்த தற்செயல் அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டதால் அங்கே மாதிரிப் பிழை இல்லை.

இதோடு இன்னும் நான்கு எண்கள் போதும்: 6லிருந்து 9 வரை வீட்டில் இருக்கும் டேட்டா போன் ஒன்றுக்கு எத்தனை படிக்கும் பிள்ளைகள், ஆண்டுக்கு எத்தனை நாள் ரீசார்ஜ் இல்லை, சொந்தப் போன் உள்ள பெண்கள் எத்தனை பேர், ஓடாமல் கிடக்கும் கணினிகள் எத்தனை, ஏன். பத்து வீட்டுக்குக் கீழே வரும் எந்தப் பிரிவுக்கும் சதவீதம் போடாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், அதுவும் யார் வீடு என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றால் அதையும் விடுங்கள்.

முடிவை இரண்டு பக்கத்துக்குள் எழுதி முதலில் காலனியிலும் ஊர் மந்தையிலும் படித்துக் காட்டுங்கள், தப்பிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். பிறகு கிராம சபைக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானம் போட வேண்டுமானால் கேட்பது ஒன்றாகவும் அளவோடும் இருக்கட்டும்: இந்தக் கம்பத்திலிருந்து காலனி வரை இத்தனை மீட்டர் ஃபைபர், நூலகத்தில் சாயங்காலம் 6லிருந்து 8 வரை இத்தனை கணினி, இத்தனை லேப்டாப்புக்கு சார்ஜர். வரைபடத்தையும் வீட்டு எண் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே 145 எண்களுக்கு, அதே கேள்விகளோடு போக வேண்டும்.